அச்சில் காணாமற்போன நாலடி

"பக்கத்து வளவு பிளானில் 96 அடி. நிலத்தில் 100. நாலடி எங்களுடையது. புரட்டாதி, மூன்றாம் சனி."

அண்ணை ஒரு தாளின் மூலையில் பென்சிலால் எழுதிய குறிப்பு இது. அவர் வருஷம் எழுதவில்லை. அது போன வருஷம்; எதற்கும் திகதி குறித்துவைக்கும் பழக்கமுள்ள நான்தான் வருஷத்தைப் பின்னர் சேர்த்தேன்.

அந்தத் தாள் எங்கள் காணிப் பிளானின் அச்சுப்பிரதி. சண்டிலிப்பாயில் எங்கள் வளவும் பக்கத்து வளவும் ஒருகாலத்தில் ஒரே காணியாக இருந்தவை. பிரித்தபோது வரைந்த பிளானில் இரண்டும் அருகருகே உள்ளன. எங்களுக்கு மேற்கே ஓர் ஒழுங்கை, சிறு தெரு; அவர்களுக்குக் கிழக்கே இன்னோர் ஒழுங்கை; நடுவில் பூவரசங் கதியால், அதாவது உயிர்வேலித் தடிகள், நட்ட பொது வேலி. பிளானின் மூலப்பிரதி கனடாவில் உள்ள அக்காவிடம் இருக்கிறது. நீளங்கள் எழுதியிருந்த இடங்களைக் கறையான் அரித்துவிட்டது. ஓர் அங்குலத்துக்கு நாற்பது அடி என்ற அளவு மட்டும் தப்பியிருந்தது. ஆகவே கோட்டை அடிமட்டம் வைத்து அளந்துதான் நீளம் காண வேண்டும். அக்கா அதை ஸ்கேன் செய்து பிடிஎஃப் கோப்பாக அனுப்பியிருந்தார். அண்ணை அதைத் திறந்து அச்செடுத்தார், அளந்தார். பிறகு நாடாவைத் தூக்கிக்கொண்டு கிழக்கு ஒழுங்கையிலிருந்து வேலிவரை அளந்தார்.

"நாலடி. பார். பக்கத்து வளவுக்காரன் திண்டிட்டான்."

"அவரோ? அந்த மனுசன் அப்பிடிச் செய்வாரே, அண்ணை?"

"வருஷா வருஷம் கதியால் மாத்தேக்கை விரல் விரலாத் தள்ளினா ஆருக்குத் தெரியும்? நீ திகதி எழுதிக்கொண்டிரு, அவன் வேலியைத் தள்ளிக்கொண்டிருப்பான்."

பக்கத்து வளவுக்காரர் அண்ணையோடு ஒரே வகுப்பில் படித்தவர். ஒருவரையொருவர் மச்சான் என்றே அழைப்பார்கள். இரண்டு வளவுக்கும் ஒரே கிணறு. அவருடைய வெங்காயத்துக்கும் எங்கள் மரவள்ளிக்கும் முறை வைத்துத் தண்ணீர் இறைப்பார்கள். அவரவர் முறையை அவரவர் விட்டுக்கொடுத்த நாட்களும் உண்டு. அன்று மாலை கிணற்றடியில் அண்ணை தாளை அவர் முன்னால் விரித்தார். முதலில் அவர் சிரித்தார்.

"மச்சான், உன்ரை கொம்பியூட்டர் சொல்லுறதோ, என்ரை அப்பர் நட்ட பூவரசு சொல்லுறதோ?"

"பிளான் பொய் சொல்லாது."

"பிளான் சொல்லாது. நீ சொல்லுவாய்."

"களவெடுத்தவன் இப்பிடித்தான் கதைப்பான்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். வாளியை மெதுவாகக் கிணற்றுக் கட்டில் வைத்தார். "சரி. நீங்கள் செய்யிறதைச் செய்யுங்கோ" என்றார். அண்ணையை அவர் நீங்கள் என்று அழைத்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அண்ணை மத்தியஸ்த சபைக்கு எழுதிக் கொடுத்தார். கடிதம் போய்ச் சேருமுன்பே கதை ஊரில் பரவிவிட்டது. நாலடி என்பது வாய்மாறி வாய்மாறி, ஆயிரத்து முந்நூறு சதுர அடிக்கு மேலான அரைப் பரப்பு ஆயிற்று. பால் வாங்கும் இடத்தில் ஒருவர் என்னிடமே, "உங்கடை வளவுக்குள்ளை அவர் வெங்காயம் நட்டிட்டாராம், மெய்யே?" என்று கேட்டார். பக்கத்து வளவுக்காரர் கிணற்றடிக்கு வருவதை விட்டார். தண்ணீர் முறைக்கு மகள் வந்து மோட்டரைப் போட்டாள், எங்கள் பக்கம் திரும்பாமலே போனாள். கோயில் வாசலில் பின்வரிசையில் நின்றுவிட்டுப் போய்விடுவார் என்றார்கள். நான் அவரை வீட்டில் போய்ப் பார்க்கவில்லை. விசாரணை முடியட்டும் என்று இருந்தேன்.

ஐப்பசி மாதம், கந்தசஷ்டி தொடங்கிய நாள், மழை. விசாரணைக்குக் கொண்டுபோகவேண்டிய தாள்களை நான் ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன். இரண்டு துண்டுகளின் அளவையும் சேர்த்து எழுதுவது முறையாக இருக்கும் என்று எண்ணி, எங்கள் துண்டையும் அதே தாளில் அளந்தேன். எங்கள் வளவு எழுபத்தேழு அடிகூட வரவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு போய் நிலத்தை அளந்தேன். சரியாக எண்பது அடி இருந்தது. அந்தத் தாளின்படி அவர் எங்கள் காணியைத் தின்றிருக்கிறார், நாங்களும் அவர் காணியைத் தின்றிருக்கிறோம். நடுவில் இருப்பதோ ஒரே வேலி.

வேலிச் சண்டையில் எவரும் தன் வளவை அளப்பதில்லை. அண்ணையும் அளக்கவில்லை.

கணினியைத் திறந்தேன். பிடிஎஃப் கோப்புகளை அச்செடுக்கும்போது அளவு மாறக்கூடாது என்பதற்காக, பல வருஷங்களுக்கு முன்பே ஒரு வாசிப்பு மென்பொருளைப் போட்டு, எப்போதும் அதிலேயே திறக்கும்படி அமைத்திருந்தேன். இப்போது எல்லாப் பிடிஎஃப் கோப்புகளிலும் வேறு படம் ஒட்டியிருந்தது. அவை இணையம் பார்க்கும் பிரவுசரில் திறந்தன. பிரவுசர் அச்சிடும்போது பக்கத்தைத் தாளுக்குள் அடக்கிச் சுருக்குகிறது. அக்கா ஸ்கேன் செய்த கனடாத் தாள் எங்கள் தாளைவிடக் கொஞ்சம் அகலம். சுருங்கிய அந்தக் கொஞ்சம்தான் நூறு அடியில் நாலடி.

"ஆர் இதை மாத்தினது, அண்ணை?"

"நான் ஒண்டும் மாத்தேல்லை. இடைக்கிடை திரையிலை ஒரு பெட்டி வந்து என்னவோ கேக்கும். ஓம் எண்டு அமத்துவன்."

"என்ன கேக்குது எண்டு வாசிக்கிறேல்லையே?"

"வாசிச்சா விளங்குமே? ஓம் எண்டால் போயிடும்."

கோப்பின்மேல் வலது பொத்தானை அழுத்தி, பழைய மென்பொருளைத் தெரிவுசெய்து, எப்போதும் இதிலேயே திற என்ற கட்டத்தில் சரி போட்டேன். உண்மையான அளவில் அச்செடுத்தேன். அண்ணை தானே அடிமட்டத்தை வைத்தார். பக்கத்து வளவு இரண்டரை அங்குலம். நூறு அடி. ஒருமுறை அளந்தார், தாளைத் திருப்பி வைத்து மறுமுறை அளந்தார். பிறகு அடிமட்டத்தை மேசையில் வைத்துவிட்டு, "நாளைக்கு நான் போய்க் கதைக்கிறன்" என்றார்.

"இண்டைக்கே போவம், அண்ணை."

"மழை விடட்டும்."

மறுநாள் காலை நாங்கள் போனபோது அவர் வீட்டில் இல்லை. முதல் நாள் பின்னேரம் நெஞ்சு நோவென்று யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மகள் பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றாள். அண்ணை தாளை என் கையில் தந்தார். நான்தான் சொன்னேன். "பிள்ளை, அப்பான்ரை அளவு சரி. எங்கடை கடுதாசிதான் பிழை. இது சரியான பிளான். அவருக்குக் காட்டம்மா."

"இனி ஏன் அங்கிள்? ஊரெல்லாம் கள்ளன் எண்டு சொல்லி முடிஞ்சுதே."

"காட்டம்மா."

அவள் தாளை வாங்கி மடித்துப் பிளாஸ்க் இருந்த பையில் போட்டாள். அண்ணை வெளிப் படலைக்கு வந்த பிறகுதான் அழுதார். அன்றைக்கே சபைக்குக் கடிதம் எழுதி முறைப்பாட்டைத் திருப்பி எடுத்தார்.

சூரன்போர் அன்று அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். செத்தவீட்டுக்கு நாங்கள் போனோம். அவருடைய மனைவி எங்களை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அண்ணை கடைசிவரை பந்தலுக்கு வெளியே, மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் நின்றார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்ததும் மகள் கணவனிடம் வெளிநாடு போனாள். தாளை அப்பாவுக்குக் காட்டினாளா என்று அவளிடம் கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை. அண்ணை இப்போது பொது வேலிப் பக்கம் போவதில்லை. போன மாதம், வருஷம் தவறாமல் தானே கதியால் மாற்றும் அவர், கூலிக்கு ஆள் பிடித்துப் பழைய குழிகளிலேயே நடும்படி சொல்லிவிட்டு அறைக்குள் இருந்துவிட்டார்.

தை மாதத்தில் வாழைக்குலை வாங்க நீர்வேலிக்குப் போனேன். குலை விற்றவர் ஆஸ்பத்திரியில் எங்கள் பக்கத்து வளவுக்காரருக்கு அடுத்த கட்டிலில் கிடந்தவர் என்பது பேச்சோடு பேச்சாகத் தெரியவந்தது. இறந்தவர் கையில் ஏதாவது தாளைக் கண்டாரா என்று விசாரித்தேன்.

"கடைசிக்கு முதல்நாள் ஒரு கடுதாசியைக் கையிலை வைச்சுக்கொண்டு கிடந்தவர். சிரிச்சவரோ, நெஞ்சு நோவிலை வாயைக் கோணினவரோ தெரியேல்லை."

"கோடு போட்ட கடுதாசியோ?"

"நான் கண்ணாடி போடேல்லை ஐயா. ரத்தப் பரிசோதனைக் கடுதாசியும் அண்டைக்குத்தான் குடுத்தவங்கள்."

அவர் கையில் இருந்தது எது என்பதை இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.