நாலு மணி அழைப்பு

ஈரான் எல்லையோரத்துப் பலூச்சு ஊரான மந்தின் துணைமின் நிலையத்தில் பத்தொன்பது வருஷமாகப் பீர்ஜானுக்கு முக்கிய வேலை ஊராரிடம் திட்டு வாங்குவதுதான். மின்சாரம் எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறது. அங்கே வெயில் ஏறினால் இங்கே மின்வெட்டு. அந்தப் பக்கத்து நிலைய ஊழியன் ஹம்மல் தொலைபேசியில் சொல்வான், பீர்ஜான் சுவிட்சை இறக்குவான். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று ஊரில் யார் யோசிக்கிறார்கள்? மனிதனுக்கு உடம்போடு மனசும் அலுத்துப் போயிருந்தது.

அன்று மதியம் மனைவி நாஸ்காதூன் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். மகள் மஹ்கானுக்கு வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம், ஐந்து மணிக்கு ஆபரேஷன். அங்கே ஜெனரேட்டர் பழுது.

“ஹம்மல்கிட்ட சொல்லுங்க, ரெண்டு மணி நேரம் நிறுத்த வேண்டாம்னு. இத்தனை வருஷத்துல இன்னிக்காவது உங்க உத்தியோகம் வீட்டுக்கு உதவட்டும்.”

“நாலு மணிக்கு அவனே கூப்பிடுவான். அப்பக் கேக்குறேன்.”

தானே கூப்பிட்டிருக்கலாம். யாரிடமும் கை நீட்டிப் பழகாதவன், தள்ளிப் போட்டான்.

நாலுக்குத் தொலைபேசி அடித்தது. பலூச்சுகள் பேச்செடுத்தால் முதலில் சேதி. கூப்பிட்டவன் தன் சேதியைச் சொல்லி முடிக்கும்வரை மற்றவன் குறுக்கே பேசக்கூடாது. வீடு பற்றி எரிந்தாலும் அப்படித்தான்.

“சேதி சொல்றேண்ணே. நம்ம பெரியவன் வெயில்ல சுருண்டு விழுந்துட்டான். ஆஸ்பத்திரில மெஷின்தான் மூச்சு விடுது. இருக்கிற கொஞ்சநஞ்சக் கரண்டு அங்கதான் போகுது. அதுக்கே பத்தலையாம், உங்க பக்கம் காலைவரைக்கும் நிறுத்தச் சொல்லிட்டாங்க. இதான் நம்ம சேதி. இப்ப நீங்க சொல்லுங்க.”

கேட்டால் ஹம்மல் மறுக்கமாட்டான். அதுதான் பீர்ஜானுக்குப் பயமாக இருந்தது.

“இங்க எல்லாரும் சுகம். நீ போய்ப் பையனைப் பாரு. நான் இறக்கிடுறேன்.”

இறக்கினான். நிலையத்து பேட்டரி விளக்கைக் கழற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மோட்டார் சைக்கிளை விரட்டினான்.

வாசலில் நாஸ்காதூன் நின்றிருந்தாள்.

“கேட்டீங்களா?”

“கேக்கல.”

“ஏன்?”

“அவன் முந்திக்கிட்டான். அவன் புள்ளைக்கும் உசுருக்கு இழுத்துக்கிட்டு இருக்கு.”

ஒரு கணம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு விளக்கைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.