முனி வளைவில் கட்டை வைப்பவள்

எங்கள் தோட்டத்து வரிசை வீடுகள், லயங்கள், பள்ளத்தில் இருக்கின்றன. தெரணியகலை ரோட்டைப் பிடிக்க இறப்பர் மரங்களுக்கு நடுவே ஏறித்தான் போக வேண்டும். அந்த ஏற்றத்தின் மிக மோசமான வளைவில் முனி இருக்கிறார். சிவப்புத் துணி சுற்றிய ஒரு கல், மேலே மழைக்கு ஒரு தகரம். ஒரு நாளில் முதல் முறையாக ரோட்டுக்கு ஏறும் எந்த வண்டியும் அங்கே நின்று கற்பூரம் கொளுத்தாமல் தாண்டாது. ஸ்டியரிங் பிடிக்கிற கைதான் கொளுத்த வேண்டும் என்பது வழக்கம். கொழுந்து லொறி ஓட்டும் சிங்கள டிரைவர்கூட இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்.

விஜயகலாவை அந்த வளைவில் வைத்துத்தான் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அவள் கணவன் இந்திரகுமார் பழைய வேன் ஒன்றை வாங்கி ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றினான். வேனில் ஹேண்ட்பிரேக் வேலை செய்யாது. கியரில் போட்டு நிறுத்தினாலும் தேய்ந்துபோன இன்ஜின் பிடிக்காமல் மெல்லப் பின்னால் நழுவும். ஆகவே வேன் முனியிடம் நிற்பதற்குள் விஜயகலா இடப்பக்கத்துக் கதவால் குதித்துவிடுவாள். இறப்பர் மரக் கட்டை ஒன்றைப் பின்டயருக்கு அடியில் தள்ளி, குதிகாலால் ஒரு உதை உதைப்பாள். அவன் பிரேக்கிலிருந்து காலை எடுப்பான். வேன் முனகிக்கொண்டு கட்டையில் சாயும். அவன் இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, விபூதியை ஸ்டியரிங்கில் தடவி, மறுபடி ஏறி கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவான். வேன் ஒரு சாண் முன்னேறியதும் அவள் கட்டையை உருவிக்கொண்டு கூடவே ஓடித் தாவி ஏறுவாள். பிள்ளைகள் கை தட்டுவார்கள். மழை நாளில் சேலைக் கரை முழுக்கச் சேறாக இருக்கும்.

போன வருடம் இந்திரகுமார் கட்டாருக்கு டிரைவராகப் போனான். அங்கே அவன் ஓட்டும் வண்டிக்கு கிளட்ச் கிடையாதாம். இடது காலுக்கு வேலையே இல்லை என்று ஃபோனில் சிரித்துக்கொண்டு சொன்னான். அடுத்த அறையில் இருக்கும் எனக்கும் அது கேட்டது. லயத்துச் சுவர்கள் கூரைவரை போவதில்லை. பக்கத்துக் காம்பராவில் ஒருத்தி தனியாகத் தேத்தண்ணி ஊற்றும் சத்தம்வரை கேட்கும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவன் போன பிறகு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டதெல்லாம் ஒரு கோப்பை வைக்கும் சத்தமும் ஸ்பீக்கரில் போட்ட ஃபோனும்தான். முதலில் தினமும் கோல் எடுத்தான். பிறகு ஞாயிற்றுக்கிழமை. பிறகு சில ஞாயிற்றுக்கிழமைகளில்.

வேன் எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பைப்படிக்குப் பக்கத்தில் தரப்பாளுக்கு அடியில் கிடந்தது. அவள் ஒவ்வொரு நாளும் தரப்பாளைத் தூக்கி உள்ளே பார்த்துவிட்டு மூடுவாள். ஒரு நாள் டவுனில் வண்டி ஓட்டும் லேனர்ஸ் படிக்கப் போனாள். கேகாலையில் ட்ரயல் பாஸ் பண்ணினாள். அந்தச் செய்தியை அவனுக்குச் சொன்ன ஞாயிறு அவன் சொன்னது இது:

"லைசன் எடுத்தது நல்லது கலா. ஆனா அந்த வேன ஒன்னால ஓட்ட முடியாது. பெல்மதுளையில ஒரு ஆள் கேக்குறான். மாசக் கடைசியில வந்து பாப்பான். குடுத்துறு."

"நான் ஓட்டிப் பாக்குறேங்க."

"முனிகிட்ட என்ன செய்வ? கட்ட வைக்க யாரு இருக்கா?"



வேனும் போய்விட்டால் அவளுக்கு அந்தக் காம்பராவும் கொழுந்து மலையும்தான் மிச்சம். காலையில் யாரோ தன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடிவருவது என்பது அந்த வேனோடுதான் இருந்தது. மாதம் முடிவதற்குள் பிள்ளைகள் அதில் ஏற வேண்டும். ஏறினால் வேன் விலைபோகாமல் நிற்கும்.

முதல் நாள் வெறும் வேனோடு ஏறினாள். முனியிடம் நிறுத்தி, கியரில் போட்டு, கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். பின்டயருக்குப் போவதற்குள் வேன் நழுவத் தொடங்கியது. ஓடி ஏறி பிரேக்கை மிதித்தாள். பின்னால் வந்த த்ரீவீல்காரன் ஹோர்னை அழுத்திக்கொண்டு, "நங்கி, பஸ்ஸட்ட எனவா! பஸ்ஸட்ட!" என்று வேன் பின்னால் வருவதைச் சிங்களத்தில் சொல்லிக் கத்தினான்.  இனி இறங்க முடியாது. கிளட்சை விட்டு, இன்ஜின் கதற, முனியைத் தாண்டிப் போய்விட்டாள். கற்பூரக் கட்டி சட்டைப்பையிலேயே இருந்தது.

இறப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த செல்லையா மரத்தடியிலிருந்து அதைப் பார்த்துவிட்டார். சாயந்தரம் பைப்படியில் குடம் வைக்க வந்தவர்களிடம் சொன்னார்:

"பெரிய தொரசாணி மாதிரி முனிக்கு ஒரு டாட்டா காட்டிட்டுப் போறா. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"வண்டி நிக்கலிங்க மாமா," என்றாள் விஜயகலா.

"வண்டி நிக்கலியா, நீ நிக்கலியா?"

பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

ஷாமிளாவின் இரண்டு பிள்ளைகளும் முன்பு அந்த வேனில் போனவர்கள்தான். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, தாழ்ந்த குரலில், "ஒங்க மேல நம்பிக்க இல்லாம இல்லக்கா. ஆனா முனிகிட்ட நிக்காத வண்டியில எப்பிடி அனுப்புறது? நீங்களே சொல்லுங்க," என்றாள்.

"யாரையாச்சும் கட்ட வைக்க கூட்டிக்கிட்டுப் போயேன்," என்றாள் இன்னொருத்தி.

யாரை? பிள்ளைகளை டயருக்குப் பின்னால் நிறுத்த அவளுக்கு மனம் வராது. ஆம்பளை ஒருவனைத் தினமும் பக்கத்தில் உட்கார வைத்தால் அந்தப் பைப்படியே வேறு கதை பேசும். கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு அந்த நேரத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டு. அவள் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்கு அந்தப் பக்கத்தில் கோப்பைச் சத்தமும் கேட்கவில்லை.

மறுநாள், வண்டி நிற்காவிட்டாலும் கும்பிட்டாவது போகலாம் என்று, முனிவரை நடந்துபோய்க் கற்பூரம் கொளுத்திவிட்டு, திரும்ப இறங்கி வந்து, வேனை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனாள். தெரணியகலையில் கராஜ் வைத்திருக்கும் நுஹ்மான் மாவனல்லைக்காரர், எல்லோருக்கும் 'நானா', அண்ணன். இந்திரகுமாரின் வேனை எப்போதும் அவர்தான் பார்த்தார். அடியில் படுத்து ஒரு டோர்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, படுத்தபடியே பேசினார்.

"கேபிள் அறுந்து போயீக்கி தங்கச்சி. வேற ஒண்டுமில்ல. மத்தியானத்துக்குள்ள போட்டுத் தாறேன்."

"இந்த வேனுக்கு ஹேண்ட்பிரேக் செய்யவே ஏலாதுன்னு அவரு சொன்னாருங்களே நானா?"

நுஹ்மான் வெளியே தலையை நீட்டினார்.

"ஆரு, இந்திரகுமாரா? நான் எத்தின தரம் சொல்லீக்கேன், போட்டுத் தாறேண்டு. 'என்ட ஹேண்ட்பிரேக் அந்தா வெளிய நிக்கிது'ண்டு ஒங்களக் காட்டிச் சிரிப்பாரு."

சொன்ன பிறகு அவருக்கே என்னவோ போலிருந்தது. மறுபடி வேனுக்கு அடியில் போய்விட்டார். விஜயகலா ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நாட்களில் அவள் வெளியே நின்றது உண்மைதான். கராஜுக்கு முன்னால் இருக்கும் கடையில் அவனுக்குப் பிடித்த வடை வாங்க.

திங்கட்கிழமை காலை ஷாமிளா பிள்ளைகளைத் தனியாக அனுப்பவில்லை. தானும் கூட வந்தாள். வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு நடுச் சீட்டில் உட்கார்ந்தாள். முனியிடம் வேன் சரியாக நிறுத்தப்படுவதை அவள் பார்த்தால்தான் மற்ற தாய்மாரும் நம்புவார்கள். நான் டவுனுக்கு வேலைக்குப் போகிறவன், கடைசிச் சீட்டில் இடம் கேட்டு ஏறிக்கொண்டேன்.

வளைவில் விஜயகலா நிறுத்தினாள். பிரேக்கில் கால், கிளட்சில் கால். ஹேண்ட்பிரேக்கைக் கர்ரென்று இழுத்தாள். பிறகு பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். எடுத்தாள். வேன் ஒரு தரம் பின்னால் அசைந்தது. ஷாமிளா, "முனியப்பா," என்றாள். வேன் நின்றது.

செல்லையா பால் வாளியோடு ரோட்டோரத்துக்கே வந்துவிட்டார்.

"கட்ட எங்க?"

"கட்ட இல்ல மாமா."

"அப்ப எதுல நிக்கிது?"

"அதுவா நிக்கிது."

அவர் குனிந்து டயரைப் பார்த்தார். நம்பாமல் மறு பக்கத்துக்கும் போய்ப் பார்த்தார். அவள் இறங்கிக் கற்பூரம் கொளுத்தினாள். ஈரக் காற்றில் முதல் குச்சி அணைந்தது, இரண்டாவது பிடித்தது. விபூதியை ஸ்டியரிங்கில் தடவினாள். ஏறி உட்கார்ந்து முதல் கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல விட்டாள். அந்த வேனில் இன்ஜின் டிரைவர் சீட்டுக்கு அடியில். அது பிடிக்கிற இடம் காதுக்கு முன்னால் உடம்புக்குத் தெரியும். சத்தம் தாழ்ந்தது, முன்பக்கம் கொஞ்சம் நிமிர்ந்தது. ஹேண்ட்பிரேக்கை இறக்கும் முன் அவள் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள்.

எனக்கும் அந்தக் கண்ணாடி தெரிந்தது. இந்திரகுமாரும் ஒவ்வொரு காலையும் அதைத்தான் பார்ப்பான், அவள் கட்டையை உருவிக்கொண்டு ஓடி வருகிறாளா என்று. இப்போது அதில் நனைந்த ரோடு இருந்தது. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. ஓடிவர யாரும் இல்லை. அவள் பார்க்க வேண்டிய நேரத்தைவிட ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். பிறகு வேன் ஏறியது. பிள்ளைகள் கை தட்டவில்லை. அவர்களுக்குத் தட்டுவதற்கு எதுவும் நடக்கவில்லை.

மேலே ரோட்டைத் தொட்டதும் ஷாமிளா, "நாளைக்கி நான் வரலக்கா, புள்ளைங்க மட்டும் வருவாங்க," என்றாள்.

அந்த ஞாயிறு இந்திரகுமார் கோல் எடுத்தான்.

"பெல்மதுளக்காரன் நாளைக்கி வாறான். வேனக் கழுவி வச்சியா?"

"வர வேணாம்னு சொல்லுங்க. புள்ளைங்க ஏறுறாங்க."

"ஏறுறாங்களா? முனிகிட்ட யாரு கட்ட வைக்கிறா?"

"யாரும் வைக்கல. ஹேண்ட்பிரேக் செஞ்சாச்சி."

 ஃபோனில் அவனுக்குப் பின்னால் ஏதோ ஒரு வண்டி அரபு நாட்டு ரோட்டில் போவது கேட்டது.

"நுஹ்மான் நானா ஏதும் சொன்னாரா?"

"சொன்னாரு."

"நான் சும்மா பகிடிக்குச் சொன்னது கலா. நீ ஓடி வந்து ஏறுறதப் பாக்க எனக்கு..."

"தெரியும்," என்றாள். "கண்ணாடியில பாத்தேன்."

அவனுக்கு அது விளங்கியிருக்காது. டியூட்டிக்கு நேரமாகிறது என்று சொன்னான். பெல்மதுளைக்காரனிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னான். பிறகு கேட்டான்:

"அந்தக் கட்டைய என்ன செஞ்ச?"

"வேன்லதான் கெடக்கு."

மறுநாள் நான் முன் சீட்டில் ஏறப் போனேன். "பின்னுக்கு ஏறிக்குங்க தம்பி," என்றாள். இடப்பக்கச் சீட்டின் காலடியில், முன்பு அவள் கால் வைக்கும் இடத்தில், கட்டை கிடந்தது. அதில் சேறு காய்ந்திருந்தது.