கல்மண்டபத்தில் ஒரு கியூபாக் கடலம்மா

காலை 7.30. எழும்பூரில் ஆட்டோ ஏறினோம். கல்மண்டபத்துக்கு முந்நூறு கேட்டார் ஓட்டுநர். பேசிப் பேசி இருநூற்றைம்பதுக்கு இறக்கினேன். நான் கோயம்புத்தூர்க்காரி. ஸ்பானிஷ் படித்ததைத் தவிர வேறு பாவம் அறியேன். அந்தப் பாவத்துக்கு, மிரேயா என்கிற கியூபா நடனக்காரருக்கு மொழிபெயர்ப்பாளராக இந்த வெயிலில் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

மிரேயாவுக்கு அறுபது நெருங்குகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் கியூபாவில் விடாமல் காப்பாற்றிய சாமி ஆட்டங்கள்தான் அவர் பிழைப்பு. பள்ளி வயதில் ஒரு நாட்டுப்புறக் குழுவில் சேர்ந்து, பல வருடம் பின்வரிசையில் ஆடி, ஒருவழியாக முன்வரிசைக்கு வந்த சமயம் பார்த்து இடது முழங்கால் கைவிட்டது. மருத்துவர் மேடை வேண்டாம் என்றுவிட்டார். அன்றிலிருந்து ஊர் ஊராகக் கற்றுக்கொடுக்கிறார்.

"முட்டியைப் பற்றி மூச்சுவிடாதே," என்றார் ஆட்டோவில். "போன ஊரில் தெரிந்துபோய் வகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். இங்கேயும் கலைந்தால் இனி யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள்."

8.20. துறைமுகச் சாலையில் கன்டெயினர் லாரிகள் வாலும் தலையுமாக நின்றன. ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "இன்னாமா, அந்தம்மா ஊர்லயும் லாரி இப்டித்தான் குந்திகினு கீதாமா?" மொழிபெயர்த்தேன். ஹவானாவில் லாரி வந்தால்தானே நிற்பதற்கு என்றார் மிரேயா. ஓட்டுநர் விழுந்து விழுந்து சிரித்தார்.

9.15. வலைக் கிடங்குக்கு மேலே ஒரு மாடிக்கூடம். லூர்துமேரி அக்கா அங்கே பெண்பிள்ளைகளுக்கு சினிமா டான்ஸ் சொல்லிக்கொடுக்கிறார். ஒரு வார வகுப்புக்கு எங்களை அழைத்தவரும் அவரே. பிள்ளைகள் தயார். அம்மாக்கள்தான் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பாதிப்பேர் காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு நேராக வந்தவர்கள்.

"சாமி ஆட்டம்னு சொல்றாங்கோ. வயசுப் புள்ளைங்க மேல எதுனா ஏறிகிச்சுனா பேஜாராப் பூடும்," என்றார் ஒருவர். இன்று பார்த்துவிட்டுத்தான் நாளை அனுப்புவதா வேண்டாமா என்று சொல்வார்களாம்.

10 மணி. கியூபாத் தாளத்துக்கு ஆள் ஏது? அம்மன் கோயில்களில் பம்பை அடிக்கும் ஏழுமலையை அக்கா பிடித்து வந்திருந்தார். மெதுவாக அடித்தால் போதும் என்று மிரேயா சொன்னதைச் சொன்னேன். "இது யாரு ஆட்டம்?" என்றார் அவர். யெமாயா, அவர்கள் ஊர்க் கடலம்மா என்றேன். யெமாயா என்பதோடு விட்டிருக்கலாம்.

மிரேயா நீலப் பாவாடையை இரு கையாலும் அள்ளி அலையாக வீசினார். பம்பை மெதுவாகத்தான் தொடங்கியது. பிறகு சூடு பிடித்தது. சுவரோரம் நின்ற தனம் என்கிற மீன்காரம்மா "ஏய்ய்!" என்று கத்திக்கொண்டு நடுக்கூடத்துக்குப் பாய்ந்தார். கூந்தல் அவிழ்ந்து, உடம்பு கிடுகிடுவென்று ஆடியது.

"ஏன்யா சாமி அழைப்பு அடிச்ச?" என்று லூர்துமேரி அக்கா கத்தினார்.

"இவங்க அம்மான்னு சொன்னாங்க. அம்மான்னா அழைக்காம எப்டிக்கா அடிக்கிறது?" என்றார் ஏழுமலை, கை நிற்காமல்.

வகுப்பு முடிந்தது, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். மிரேயா மட்டும் அசரவில்லை. தனத்தின் தலையில் இருந்த ஊசியை உருவினார், கண்ணாடி வளையல்களைக் கழற்றினார், பின்னாலிருந்து இடுப்பை அணைத்துப் பிடித்தார். அவர்கள் ஊரிலும் சாமி வந்தால் முதலில் இதைத்தான் செய்வார்களாம். லூர்துமேரி அக்கா சிலுவை போட்டுக்கொண்டே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

சாமி வந்த இடத்தில் வாக்குக் கேட்காமல் விடுவார்களா? ஒரு அம்மா கைகூப்பினார். "தாயே, புள்ளைங்கள இங்க அனுப்பலாமா, வாணாமா? வாயத் தொறந்து சொல்லு!"

தனம் திரும்பி மிரேயாவை முறைத்தார். "இன்னாங்கடி பாத்துகினு நிக்கிறீங்கோ? இவுளுக்கு முட்டி வலி உயிர் போவுது. ஒரு சேர் போட மாட்டீங்களா?"

சொல்லிவிட்டு அப்படியே சாய்ந்தார்.

"என்ன சொன்னார்?" என்றார் மிரேயா. சொன்னேன். முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தார், நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்பது போல. அதற்குள் பிளாஸ்டிக் நாற்காலி வந்துவிட்டது. உட்கார்ந்ததும் பொலபொலவென்று அழுதார். வாக்குக் கேட்ட அம்மா தரையில் குந்தி, அந்த முட்டியில் தைலம் தேய்க்கத் தொடங்கினார். "எனுக்கும் ரெண்டு முட்டியும் காலி. இத்த மறைச்சுகினா ஆடுன, லூசு?" கடைசி வார்த்தையை நான் மொழிபெயர்க்கவில்லை.

தண்ணீர் தெளித்ததும் தனம் கண் திறந்தார். ஒன்றும் நினைவில்லை. கூட்டத்தைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், கோபம் வந்துவிட்டது. "இன்னாது, அதுக்குள்ள முட்சிட்டீங்களா? நான் பாக்கவே இல்லியே!"

கூடமே சிரித்தது. மிரேயா கண்ணைத் துடைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே கைகளை விரித்தார். தோளில் கிளம்பிய அலை விரல்நுனிவரை ஓடிக் கரைந்தது, மறுபடி எழுந்தது. பாவாடை வீச்சும் இல்லை, கால் அசைவும் இல்லை. இத்தனை நாளில் அவர் இவ்வளவு அழகாக ஆடி நான் பார்த்ததில்லை. சுவரோரம் கட்டிக்கிடந்த கைகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன.

மிரேயா சொன்னதை அக்காவிடம் சொன்னேன். இனி அவரால் நின்று ஆட முடியாதாம் என்று லூர்துமேரி அக்கா தயங்கித் தயங்கி எல்லோருக்கும் சொன்னார்.

"அதுக்கு இன்னா?" என்றார் தனம். "கடலு இன்னா காலாலயா ஆடுது?"

பகல் 1 மணி. மறுநாள் காலை ஒன்பதுக்குப் பிள்ளைகளோடு அம்மாக்களும் வருவதாக ஏற்பாடு. திரும்பும் ஆட்டோவில், தனம் கடலைப் பற்றிச் சொன்னதை மிரேயா ஸ்பானிஷில் இன்னொரு முறை கேட்டார். சொன்னேன். பிறகு தமிழிலும் சொல்லச் சொல்லி, எழும்பூர் வரும்வரை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.