சிவப்பாகத் தெரிந்த மலை

களத்துப் பாறையில் அன்று இருந்தவர்கள்: அப்பா, அம்மா, சித்தப்பா, ஃபாரஸ்ட் கார்டு, பட்டணத்திலிருந்து வந்த ஆபீசர், நான். எனக்கு எட்டு வயது. ஆவணி மாதம்.

ஆபீசர் ஒரு பெரிய படத்தைப் பாறையில் விரித்தார். காற்று தூக்காமல் இருக்க அம்மா நான்கு மூலையிலும் கல் வைத்தாள். பூமிக்கு மேலே சுற்றிக்கொண்டே இருக்கிற ஒரு கேமரா எடுத்த படமாம். சில வருஷத்துக்கு ஒரு தரம் எடுத்து, காடு வளர்கிறதா குறைகிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம்.

அப்பா மெதுவாகக் கேட்டார். "மேலேர்ந்து எல்லாம் தெரியுங்களா சாமி?"

"தெரியுங்க. காட்டுல ஒரு துண்டு அழிஞ்சாலும் தெரியும்" என்றார் ஆபீசர்.

கார்டு சிரித்தார். "இன்னாய்யா, பயந்துட்டியா?"

பயம் இருக்கத்தான் செய்தது. குன்றுக்கு அந்தப் பக்கம், மூங்கிலுக்குப் பின்னால், அந்த வருஷம் சித்திரையில் அப்பா ஒரு துண்டுக் காட்டை வெட்டி எரித்திருந்தார். அது எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். இப்போது அங்கே சாமை முழங்கால் உயரம் நின்றது. மண்ணைக் கொத்தி விதைக்கிற பழைய கொத்துக்காடு விளைச்சல் தரவில்லை. அந்த வருஷச் சோறு அந்தச் சாமைதான். கார்டுக்குத் தெரிந்தால் கேஸ்.

சித்தப்பா வானத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு துண்டை எடுத்துத் தலையை மூடிக்கொண்டார்.

எங்கள் மலை எது என்று ஆபீசர் விரல் வைத்துக் காட்டினார். எட்டிப் பார்த்தேன். மலை முழுக்கச் சிவப்பு. காட்டில் நான் பார்த்த சிவப்பு அப்பா வைத்த நெருப்பு ஒன்றுதான். அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, நம்ப மலை பூரா எரியுது. படத்துல வுழுந்துட்டுது."

அப்பா குனிந்து பார்த்தார். எழுந்து கும்பிட்டார்.

"சாமி, அவ்ளோவும் நான் எரிக்கலீங்க. மூங்கிலுக்குப் பின்னால ஒரே ஒரு துண்டுதான். புள்ளைங்க வயித்துக்குங்க."

அம்மா ஒரு கல்லை எடுத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

ஆபீசர் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அது நெருப்பு இல்லீங்க. இந்தப் படத்துல பச்சை மரம் சிவப்பாத்தான் வரும். சிவப்பு இருந்தா காடு நல்லா இருக்குன்னு அர்த்தம். இது போன தை மாசம் எடுத்தது."

கார்டு சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். "எந்த மூங்கிலுய்யா? வா, காட்டு."

இரண்டு நாள் கழித்து அந்தச் சாமையில் மாடுகளை ஓட்டிவிட்டார்கள். அப்பாவை மலைக்குக் கீழே கூட்டிப்போனார்கள். அதெல்லாம் பிறகு.

அன்று அப்பா முன்னாலும் கார்டு பின்னாலும் குன்று ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நெருப்பு இல்லை என்று ஆபீசரே சொல்லிவிட்டார். எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. சிரித்துக்கூட விட்டேன். அம்மா ஏன் அழுகிறாள் என்று கேட்டேன். அவள் என்னைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

படம் எடுத்த தையிலிருந்து அப்பா நெருப்பு வைத்த சித்திரைக்கு எத்தனை மாதம் என்று விரல்விட்டு எண்ண அன்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்று.