தவறிய ஒரு மாதமும் ஓரகத்தியின் வீடும்

எங்கள் மலைநகரமான தானா ராத்தாவில் கட்டிய புது அடுக்குமாடியை முதலில் கண்டுபிடித்தது நான்தான். தேயிலைத் தோட்டத்துக் கடையில் வேலை முடிந்து வரும்போது விளம்பரப் பலகையைப் பார்த்தேன். ஓரகத்தியையும் கூட்டிக்கொண்டு போனேன். இருவருக்குமே மூலை வீடு பிடித்துப்போனது. எங்கள் கணவர்கள் ஓய்வுபெற்றால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமே.

கடன் எனக்குத்தான் சுலபமாகக் கிடைக்கும் என்று நம்பினேன். கிரெடிட் கார்டுக்கு வருடக்கணக்காக ஒழுங்காகக் கட்டி வந்தவள் நான். அவளுக்கு மோட்டார் சைக்கிள் கடன் ஒன்றைத் தவிர எதுவும் தெரியாது. என்னிடம் வாங்கிய சீனியைக்கூடத் திருப்பித் தர மறந்துவிடுவாள்.

பேங்கில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"எல்லாம் நல்லா இருக்கு லா, அக்கா. ஆனா ஒரு மாசம் கார்டுக்குக் கட்டாம விட்டிருக்கீங்களே."

யோசித்த பிறகுதான் புரிந்தது. தோட்டத்தில் சம்பளத்தை வேறு பேங்குக்கு மாற்றியிருந்தார்கள். கார்டுக்கான பணம் தானாகப் போய்க்கொண்டிருந்த பழைய கணக்கு காலியாகிவிட்டது.

"இத்தன வருஷம் கட்டினது கணக்கில்லையா?"

"கணக்குதான் அக்கா. ஆனா வீட்டுக் கடனுக்கு, கடன் பதிவுல கடைசி ஒரு வருஷத்தத்தான் மொதல்ல பாப்பாங்க. பாக்கியக் கட்டிட்டு, இனிமே விடாம கட்டிட்டு வாங்க. வருஷம் திரும்பினா அது அந்தப் பதிவுல தெரியாது. அப்புறம் கேளுங்க."

வருஷம் திரும்புவதற்குள் ஓரகத்திக்குக் கடன் கிடைத்து, மூலை வீடு அவளுக்குப் போய்விட்டது. பால் காய்ச்சிய அன்று என் கையைப் பிடித்து ஒவ்வோர் அறையாகக் காட்டினாள். சிரித்துக்கொண்டே நடந்தேன். "குழாயில தண்ணி மெதுவா வருதே" என்று மட்டும் சொன்னேன்.

"ஆமாக்கா, பாக்கணும்" என்றாள், ஒன்றும் தோன்றாதவளாக.

சில மாதங்கள் கழித்து அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். புதிதாக வாங்கிய கிரெடிட் கார்டில் ஐஸ்பெட்டி எடுத்திருப்பதாகச் சொல்லி, பேங்கிலிருந்து வந்த செய்தியைப் போனில் காட்டினாள். பணம் கட்ட மறுநாள்தான் கடைசி நாள்.

"மெதுவா கட்டிக்கலாம் லா" என்றாள்.

எச்சரிக்காமல் டீயைக் குடித்து முடித்தேன். அவள் பதிவிலும் ஒரு கறை விழட்டும் என்று நினைத்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, மனம் இனித்தது. பஸ் ஸ்டேஷன் வரை அந்த இனிப்போடுதான் நடந்தேன். பஸ் வந்து நின்றது. ஏறாமல் போனை எடுத்தேன்.

"நாளைக்குத்தான் கடைசி நாள். இப்பவே கட்டிரு."

"நல்லவேளை சொன்னீங்கக்கா. நீங்க இல்லன்னா நான் என்ன செய்வேன்?"

அந்த நன்றியும் எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

வருஷம் திரும்பியதும் எனக்கும் கடன் கிடைத்தது. அதே கட்டடத்தில் மிஞ்சியிருந்தது பின்பக்கத்து வீடு. கீழே கார் நிறுத்துமிடம். சாமான் ஏற்றிய லோரியில் வரும்போது கணவர் கேட்டார்:

"அவ மேல இன்னும் கோவமா?"

"கோவம்லாம் இல்ல," என்றேன். "பொறாமைதான்."