கப்பல் தளத்தில் பரவை ஒயில்

1936ஆம் ஆண்டு ஜனவரி 27, திங்கட்கிழமை. யுவ வருஷம் தை மாதம் 14. வழக்கம்போல் நாலரை மணிக்கு எழுந்தேன். மாடுகளுக்கு வைக்கோல் உதறிப் போட்டேன். கமலை பூட்டி ஏழு மணிவரை கத்தரிப் பாத்திகளுக்குத் தண்ணீர் இறைத்தேன். எட்டு மணிக்குக் கம்பங்கூழும் வெங்காயமும். பிறகு எங்கள் ஊரான பரவையின் சந்தைக்குப் போய் இரண்டு மூட்டைக் கத்தரிக்காயைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். மதியம் உண்டபின் படுப்பது வழக்கம். அன்று மட்டும் படுக்கவில்லை. மாலை மூன்று மணிக்கு ஊர்க்காரர் நாங்கள் பதினைந்து பேர் மூன்று வண்டிகளில் ஆறு மைல் தொலைவிலுள்ள மதுரை ஸ்டேஷனுக்குப் புறப்பட்டோம். அங்கிருந்து நாகப்பட்டினம், அங்கிருந்து கப்பலில் பினாங்கு.

போன காரியம் ஒயிலாட்டம். இந்த ஆட்டத்தைக் காணாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆண்கள் இரண்டு வரிசையாக நின்று, தலைப்பாகை கட்டி, காலில் சலங்கையும் கையில் வண்ணத் துணியுமாக, பாட்டுக்கும் தவிலுக்கும் ஒரே அடியாக ஆடுவது. எங்கள் குழுவில் ஆடுபவர் பன்னிரண்டு பேர். வாத்தியார் வீரணன் என் மனைவியின் அண்ணன். தவிலுக்கு ஒருவர். நான் ஐந்து ஆண்டுகளுக்கு முன்வரை இடது வரிசையில் கடைசி ஆளாக ஆடியவன். நாற்பத்திரண்டு வயதில் இடத்தை இளையவன் சோலைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஜால்ரா போடவும் சாமான் பார்க்கவும் ஒதுங்கிக்கொண்டேன்.

பினாங்கில் எங்களை வரவழைத்தவர் ஒரு தனவந்தர். கப்பல் டிக்கெட் எல்லாம் அவர் செலவு. ஆனால் அவர் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. இறங்கிய மறுநாள் அவர் வீட்டு முற்றத்தில் மூன்று ஊர்க் குழுக்கள் ஆடிக் காட்ட வேண்டும். அவற்றில் தேறும் ஒரு குழுவுக்குத்தான் தைப்பூசத் தேருக்கு முன்னால் இடம். மற்றவர்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாம். ஊரைக் கூட்டி வழியனுப்பிய பிறகு, கடல் கடந்து போய் ஓரமாக நின்றோம் என்று யார் வந்து சொல்வது?

28, செவ்வாய். மதுரையிலிருந்து நாகப்பட்டினம் திண்டுக்கல், திருச்சி, தஞ்சாவூர் வழியாகச் சுமார் 175 மைல். மூன்றாம் வகுப்புக் கட்டணம் தலைக்கு இரண்டே முக்கால் ரூபாய். தஞ்சாவூர் தாண்டியதும் இருபுறமும் அறுவடை வயல்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து எங்கள் ஆட்கள் பெருமூச்சு விட்டார்கள். "இம்புட்டுத் தண்ணிய வச்சிக்கிட்டு இவங்க எதுக்குய்யா வேலை செய்யிறாங்க?" என்று வீரணன் கேட்டதற்கு, எதிரிலிருந்த தஞ்சாவூர்க்காரர் சிரித்தாரே தவிரக் கோபிக்கவில்லை.

29, புதன். கப்பல் கரைக்கு வருவதில்லை. இரண்டு மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கிறது. படகில் போய் ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். நாங்கள் வாங்கியது டெக் டிக்கெட். அறை கிடையாது. மேலே கித்தான் கூரை, கீழே மரத்தளம், பாய் விரித்த இடம் நம் வீடு. ஏறிய கால்மணி நேரத்தில் பாய்களுக்கு நடுவே தெருவும் சந்தும் உண்டாகிவிட்டன. எங்களுக்கு வலப்பக்கம் பழங்காநத்தத்துத் தச்சர் குடும்பம் ஒன்று இருந்தது. மேல் தளத்தில் அறைகள், வெள்ளைக்காரர்கள், மேசை நாற்காலி. அந்தப் படிக்கட்டுக்குக் குறுக்கே சங்கிலி.

30, வியாழன். சாப்பாட்டைப் பற்றி எழுத வேண்டும். டெக்கில் இரண்டு சமையற்கட்டுகள்: இந்துக்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று. காலையில் கஞ்சியும் துவையலும். மதியம் சோறு, பருப்பு, ஒரு காய். இரவு சோறு, கருவாட்டுக் குழம்பு. டீ ஒரு குவளை ஓரணா. ஊரில் அதே காசுக்கு இரண்டு குவளை கிடைக்கும். எங்கள் பக்கத்துச் சோறு குழைந்திருந்தது. முஸ்லிம் சமையற்கட்டின் தலைமைச் சமையற்காரர் காசிம் ராவுத்தர், மதுரை தெற்குவாசல்காரர். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு அவரே வந்தார்.

"எந்த ஊரு மாப்ள?"

"பரவை."

"அட, சந்தைக்கு வந்து உங்ககிட்ட வெங்காயம் வாங்கி ஏமாந்தவன்தான் நானு. வாங்க, பழி வாங்குறேன்" என்று ஒரு தட்டு நிறைய மிளகுக் கறி கொண்டுவந்து வைத்தார். நானும் வீரணனும் இன்னும் இருவரும் சாப்பிட்டோம். மற்றவர்கள், ஊரில் கேட்டால் என்ன சொல்வது என்று தயங்கி, வாசனையோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அன்று மாலை ஒத்திகைக்காகச் சலங்கை கட்டினோம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, இரண்டாவது அதிகாரி, கப்பலில் கணக்கு எழுதும் கிராணியுடன் இறங்கி வந்தார். மேல் தளத்தில் பயணம் செய்யும் சென்னை உத்தியோகஸ்தர் ஒருவர், சலங்கைச் சத்தம் தலைவலி தருகிறது என்று புகார் சொன்னாராம். கிராணி நாகப்பட்டினத்துத் தமிழர், சங்கடத்தோடுதான் சொன்னார். சலங்கையை அவிழ்த்தோம். எங்கள் இடது வரிசையில் நான்கு பேர் போன ஆண்டு சேர்ந்தவர்கள். திரும்பும்போது முந்திவிடுவார்கள். ஒத்திகை இல்லாமல் பினாங்கில் நின்றால் அவர்களாலேயே தோற்போம். வீரணன் அன்று இரவு சாப்பிடவில்லை.

31, வெள்ளி, பிப்ரவரி 1, சனி. கடல் கொந்தளிப்பு. பாதி டெக் படுத்துவிட்டது. சோலை பாயைவிட்டு எழவேயில்லை. ராவுத்தர் சுக்குத் தட்டிப் போட்ட வெந்நீரும் பொரியும் கொடுத்துவந்தார். சனிக்கிழமை மாலை கொஞ்சம் அமைதி. மேல் தளத்தில் பாட்டுப் பெட்டி வைத்து ஆடினார்கள். ஆணும் பெண்ணுமாகக் கைகோத்து, இடுப்பைப் பிடித்து, மெல்லச் சுற்றி வரும் ஆட்டம். எங்கள் ஆட்கள் சங்கிலிக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

"என்ன மச்சான், எதுக்கு ஆளுக்கு ஆளு பிடிச்சிக்கிறாங்க?" என்றேன்.

"கப்பல் ஆடுதுல்ல மாப்ள. விட்டா விழுந்துருவாங்க."

சிரித்தாலும், வீரணன் அவர்களுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். கப்பல் சாயும்போது அவர்கள் அடி சிறுக்கிறது, நிமிரும்போது நீள்கிறது என்று பிறகு சொன்னார்.

2, ஞாயிறு. பிற்பகல் நான்கு மணிக்குக் கிராணி வந்தார்.

"சலங்கைக்காரங்களுக்கு யாருய்யா பெரியவரு? பாட்டுப் பெட்டியோட ஸ்பிரிங் அத்துப்போச்சு. கப்பல்ல இருக்கிற ஒரே ஞாயிறுன்னு துரைசானிங்க எல்லாம் உடுத்திக்கிட்டு வந்து உக்காந்திருக்காங்க. கேப்டன் கேக்கிறாரு, நீங்க ஆடிக் காட்டுவீங்களா? ஏதாச்சும் குடுப்பாங்க."

"காசு வேணாங்க" என்றேன். "நாளைக்குக் காலையில பின்தளத்துல ஒரு மணி நேரம் எடம் வேணும். சலங்கையோட."

அவர் மேலே போய்த் திரும்பி வந்தார். ஆட்டம் பிடித்திருந்தால் இடம் உண்டு என்று கேப்டன் சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை பினாங்கு. ஆகவே திங்கட்கிழமைக் காலை ஒன்றுதான் எங்களுக்கு மிச்சம். நான் மகிழ்ச்சியோடு போய்ச் சொன்னேன். வீரணன் அசையவில்லை.

"நீ பாட்டுக்கு வாக்குக் குடுத்துட்டு வந்துட்ட. மண்ணு எங்க மாப்ள?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆடுகளத்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் எங்கள் குழு முதலடி எடுக்கும். வாத்தியார் பரம்பரையில் அது தவறியதில்லை. வியாழக்கிழமை ஒத்திகை என்பதால் யாரும் அதை நினைக்கவில்லை; சபையில் ஆடுவது வேறு.

"இது மரம். அதுக்குக் கீழ இரும்பு. அதுக்குக் கீழ தண்ணி" என்றார் வீரணன்.

"தண்ணிக்குக் கீழ மண்ணுதானே வாத்தியாரே?" என்றார் பக்கத்தில் நின்ற ராவுத்தர்.

"முங்கிப்போயி அள்ளிட்டு வாரீகளா?"

"எதுக்கு முங்கணும்? அங்க தொங்குது பாரு."

சமையற்கட்டு வாசலில் நான்கு சிவப்பு வாளிகள் மாட்டியிருந்தன. தீப்பிடித்தால் கொட்டுவதற்கு மணல் நிரப்பி வைத்தவை. ஐந்து நாளாக அவற்றில் தலையை இடித்துக்கொண்டே சாப்பாடு வாங்கியிருக்கிறோம். வீரணன் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"ஆத்து மணலு."

"எந்த ஆறுன்னு மட்டும் கேட்டுறாத, எனக்குத் தெரியாது."

"எந்த ஆறா இருந்தா என்ன ராவுத்தரே. வைகையில தண்ணி வராத மாசமெல்லாம் மணல்லதானே ஆடுறோம்" என்று எழுந்துவிட்டார்.

அடுத்த சிக்கல் சோலை. எழுந்து நின்றான், இரண்டடி வைத்தான், கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பதினொரு பேரை வைத்து இரண்டு வரிசை நிறுத்த முடியாது.

"மாப்ள, நீ வா."

"எனக்கு நாப்பத்தேழு, மச்சான்."

"எம்புட்டு வயசுன்னா கேட்டேன்? அடி ஞாபகம் இருக்கா?"

இருந்தது. சோலையின் சலங்கையை வாங்கிக் கட்டினேன்.

ஐந்தரை மணிக்குச் சங்கிலியை அவிழ்த்து எங்களை மேலே ஏற்றினார்கள். சுமார் நாற்பது பேர் நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். ராவுத்தர் வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பன்னிரண்டு பேரும் வரிசையாக அதில் கைவிட்டதைப் பார்த்த இரண்டாவது அதிகாரி, "தீயா? எங்கே தீ?" என்று இங்கிலீஷில் கத்திக்கொண்டு ஓடி வந்தார். கிராணி விளக்கிச் சொன்னதும் சபையே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

தவில் முழங்கியது. முதல் சுற்றிலேயே கப்பல் ஒருபுறம் சாய்ந்தது. இடது வரிசை சரிந்து வலது வரிசையின் மேல் போனது. நான் முன்னால் நின்றவன் முதுகைப் பிடித்துத்தான் நின்றேன். நாற்காலிகளில் மீண்டும் சிரிப்பு. சென்னை உத்தியோகஸ்தர் வாயைத் துணியால் மூடிக்கொண்டார். வீரணன் பாட்டை நிறுத்தவில்லை. அதே அடியையே திரும்பத் திரும்பப் பாடி எங்களை நின்ற இடத்திலேயே மிதிக்க வைத்தார். அவர் கண் எங்கள்மேல் இல்லை; கடல்மேல் இருந்தது. பிறகு பாட்டுக்கு நடுவிலேயே குரல் கொடுத்தார்:

"கப்பல் எந்திரிக்கயில காலத் தூக்கு! உக்காரயில மிதி!"

தவில்காரர் புரிந்துகொண்டார், அடி பாதி வேகத்துக்கு இறங்கியது. நாங்களும் புரிந்துகொண்டோம். அடுத்த அலைக்குக் கப்பல் எழுந்தது; பன்னிரண்டு கால்கள் எழுந்தன. கப்பல் அமர்ந்தது, பன்னிரண்டு சலங்கைகள் ஒன்றாக விழுந்தன. துணிகள் ஒரே பக்கம் பறந்து ஒரே பக்கம் திரும்பின. ஊரில் எத்தனையோ திருவிழாக்களில் ஆடியிருக்கிறேன். களமே சேர்ந்து ஆடி நான் கண்டது அன்றுதான். மூன்றாவது பாட்டுக்கு நாற்காலிகளில் ஒருவரும் சிரிக்கவில்லை. கேப்டன் எழுந்து நின்று தன் பூட்ஸ் காலால் தளத்தில் தட்டிக்கொண்டிருந்தார். கீழே சங்கிலிக்கு அந்தப்பக்கம் டெக் பயணிகள் முந்நூறு பேராவது திரண்டு குலவையும் சீட்டியுமாக இருந்தார்கள். குலவையைத் தொடங்கியது பழங்காநத்தத்துத் தச்சர் மனைவி.

ஆட்டம் முடிந்ததும் சென்னை உத்தியோகஸ்தரே எழுந்து வந்தார். தலைவலியைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

"எந்த ஊரப்பா நீங்க?"

"பரவை!" என்று பன்னிரண்டு குரல்.

"மதுரைப் பக்கமோ?"

"இல்லீங்க" என்றார் வீரணன், தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டே. "மதுரைதான் பரவைக்குப் பக்கம்."

கேப்டன் கிராணி மூலம் இடத்தை உறுதி செய்தார்: காலை ஆறிலிருந்து ஏழுவரை. மேல்தளச் சமையலறையிலிருந்து ஒரு தட்டுக் கேக்கும் வந்தது. மெத்தென்று இனிப்பாக இருந்தது, பசி ஆறவில்லை. ராவுத்தர் கறிச்சோறு ஆக்கி, பெரிய தட்டுகளில் கொட்டினார். அன்று பதினைந்து பேரும் உட்கார்ந்தோம். சோலைகூட இரண்டு கவளம் உண்டான். ஊரில் கேட்டால் என்ன சொல்வது என்று ஒருவரும் பேச்செடுக்கவில்லை. கேட்பவர்களுக்குச் சொல்ல எங்களிடம் இதைவிடப் பெரிய கதை இருந்தது.

பரவையில் ஆடும்போது பார்ப்பவர்கள் மாமன், மச்சான், பங்காளி. தப்பாக ஆடினாலும் நம்மவன் என்று பொறுத்துக்கொள்வார்கள். இங்கே எங்கள் பேரையும் ஊரையும் அறியாதவர்கள், முதலில் சிரித்தவர்கள், எழுந்து நின்றார்கள். அன்று பாயில் படுத்தபோது எனக்குத் தொடை இரண்டும் கல்லாகக் கனத்தன. பெருமையில் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் மிகை ஆகாது.

3, திங்கள். ஆறு மணிக்கு முன்பே பின்தளத்தில் கூடினோம். வாத்தியார் நேற்றைய ஆட்டத்தைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்வார் என்று எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு முட்டி மடங்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.

"இடது வரிசை நேத்து அரையடி முந்துச்சு" என்றார் வீரணன். "கடல் ஆடுனதுல வெள்ளைக்காரனுக்குத் தெரியல. தனவந்தர் வீட்டு முத்தம் ஆடாது. மாப்ள, கம்பிய விடு. சோலை, நீயும் அவரு பக்கத்துல நில்லு."

முதல் வேலையாக இடது வரிசை மட்டும், பாட்டும் தவிலும் இல்லாமல், திரும்பித் திரும்பி நின்றோம்.