பிசின் வச்சு ஒட்டுன டயல்

என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்குப் போட்ட வாட்ச்சுக்கு டயல் ஒட்டுனது நான்தான். இத இந்த வயசுல சொல்றதுக்கு எனக்கு வெக்கமும் இல்ல, பயமும் இல்ல. யாருக்குப் பயந்துக்கிட்டு இருந்தேனோ, அவுக எல்லாம் போய்ச் சேந்துட்டாக.

அருப்புக்கோட்டையில எங்கப்பா வாட்ச்சு ரிப்பேர் கடை வச்சிருந்தாக. ஒரு ஆள் உக்காந்தா இன்னொரு ஆள் வெளிய நிக்கணும், அம்புட்டுத்தான் கடை. அறுபதுகள்ல கையில வாட்ச்சு கட்டுறவுக வாத்தியாருமாரும் மில்லு ஆபீசருமாருமாத்தான் இருந்தாக. எழுபது பிறந்ததும் பிடிச்சுச்சு ஊருக்கு ஃபாரின் பைத்தியம். வீரசோழன் பக்கம் இருந்து கப்பலேறிப் போய்ட்டு வந்தவுக கையில எல்லாம் தடிதடியா வாட்ச்சு. கடல்ல முங்குறவுக கட்டுறதுன்னு சொல்லுவாக. கேஸுன்னு சொல்ற வெளிக்கூடு கனமா இருக்கும், கண்ணாடியச் சுத்தித் திருகுறதுக்கு ஒரு வளையம், இருட்டுல பச்சையா மினுங்குற முள்ளு. எங்க சீமையில முங்குறதுக்குத் தண்ணி எங்க இருக்கு? கம்மாய் பாதி வருசம் வெடிச்சுக் கெடக்கும். பொம்பளைக குடத்தத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவா அலையுற ஊர்ல ஆம்பளைகளுக்குக் கடல்ல முங்குற வாட்ச்சு கேக்குது, கருமம்.

அந்த வாட்ச்சுகள்ல மொதல்ல கெட்டுப்போறது டயலுதான். வேர்வையும் புழுதியும் எறங்கிக் கறுத்துப்போகும். உள்ள இருக்குற மிஷினு நல்லாத்தான் ஓடும், மூஞ்சி மட்டும் தேமல் விழுந்தாப்ல இருக்கும். அசல் டயலுக்கு நாங்க எங்க போறது? பம்பாய்ல இருந்து மதுரைக்கு வர்ற மாத்து டயலத்தான் அப்பா வாங்கிட்டு வருவாக. டயலுக்குப் பின்னாடி ஊசி கணக்கா ரெண்டு கால் இருக்கும். அந்தக் காலு மிஷின்ல இருக்குற ஓட்டைக்குள்ள போய் உக்காரணும். மாத்து டயலுக்குக் காலு வேற இடத்துல இருக்கும், உக்காராது. அதனால காலை ராவி எடுத்துட்டு, டயல அப்படியே மிஷின் மேல ஒட்டிருவோம்.

மத்த ஊர்ல எத வச்சு ஒட்டுனாகளோ எனக்குத் தெரியாது. எங்க கடையில கருவேலம்பிசின். காட்டுல பெறக்கிட்டு வந்து, ஊறவச்சு, வடிகட்டி, தேன் பதத்துல ஒரு சின்னக் குப்பியில வச்சிருப்போம். சைக்கிள் பஞ்சருக்குப் போடுற சொலுஷன வச்சா நாள்பட டயல் மஞ்சப் பூத்துப்போகும், திரும்பக் கழட்டவும் வராது. பிசின்னா ஈரத் துணியால ஒத்துனாப் போதும், வலிக்காம விட்டுரும். அந்த வேலைய அப்பா வீட்டுக்குக் கொண்டாந்து எங்கிட்ட குடுப்பாக. எனக்கு ஒல்லி விரலு, கை நடுங்காது. பொட்டப்பிள்ள கடையில உக்காந்தா மானம் போயிருமாம், கடை வேலைய அடுப்படிக்குள்ள உக்காந்து பாத்தாப் போகாதாம். நல்லா இருந்துச்சு அவுக நியாயம்!

பந்தல்குடியில இருந்து என்னையப் பொண்ணு பாக்க வந்தாக. தூத்துக்குடி ரோட்டு மேல டீக்கடை அவுகளுக்கு, லாரிக நின்னு போற இடம். எங்க பக்கம் மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்ச்சும் பொண்ணு வீட்டுலதான் போடணும். துறைமுகத்து ஆளு ஒருத்தர் அவுக கடையில டீ குடிக்க நின்னப்ப, அவரு கையில அந்த முங்குற வாட்ச்ச மாப்பிள்ளை பாத்திருக்காரு. அதுல இருந்து அதேதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. வரப்போற மாமியா அதுக்கும் மேல. "வாட்ச்சுக் கடைக்காரரு மகளக் கட்டுறோம். சாதா வாட்ச்சப் போட்டா எங்க ஊரு கைகொட்டிச் சிரிக்கும்"னாக.

அப்பா நாயா அலைஞ்சு வீரசோழன்ல ஒரு வாட்ச்சப் பிடிச்சுட்டு வந்தாக. கேஸு அசலு, மிஷினும் அசலு. டயல் மட்டும் கருகிப்போய் இருந்துச்சு. மதுரையில நல்ல டயலா ஒண்ணு தேடி எடுத்து எங்கிட்ட நீட்டுனாக. நான் காலை ராவி, பிசின் வச்சு, எழுத்து ஒரு மயிரிழை சாயாம ஒட்டுனேன். அழகுன்னா அழகு, அப்படியொரு அழகு. ஆனா தண்ணி எறங்காம இருக்கப் பின்மூடிக்குள்ள போடுற ரப்பர் வாசரு காஞ்சு மொறுமொறுன்னு இருந்துச்சு. அந்த அளவு வாசரு எங்கயும் கிடைக்கல.

"அப்பா, வாசரு போச்சு. டயலும் பிசின்லதான் நிக்குது. தண்ணி உள்ள போச்சுன்னா அம்புட்டுத்தான்"னேன்.

"தண்ணி எங்க தாயி இருக்கு? பந்தல்குடியில கடலா ஓடுது, மாப்பிள்ளை போய் முங்குறதுக்கு?"ன்னு அப்பா சிரிச்சாக. "குளிக்கிறப்பக் கழட்டித்தான வைப்பாரு."

எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. நியாயமாத்தான பட்டுச்சு.

கல்யாணத்தன்னைக்கு அந்த வாட்ச்சக் கை கையா வாங்கிப் பாத்தாக. வளையத்தத் திருகிப் பாத்தாக, காதுல வச்சுக் கேட்டாக. அப்பா முகத்துல அப்படியொரு பூரிப்பு. தாலி கட்டி முடிஞ்சதும் குடம் வந்துச்சு. புதுக்குடத்துல தண்ணி ஊத்தி, அதுக்குள்ள மோதிரத்தப் போட்டு, பொண்ணும் மாப்பிள்ளையும் தொழாவி எடுக்கணும். எந்தக் கல்யாணத்துலதான் இது இல்ல? ஆனா அப்பாவும் சரி, நானும் சரி, வாசரப் பத்திப் பேசுன அன்னைக்கு இந்தக் குடம் ரெண்டு பேரு புத்தியிலயும் வரல. தண்ணின்னா கடலும் கெணறும்தான் ஞாபகம் வந்துச்சு.

மாப்பிள்ளை வலது கையத்தான் நீட்டுனாரு. கூட வந்த சேக்காளிக விட்டாத்தான? "ஏலே மாப்ளே, வாட்ச்சுக் கைய விடுறா! தண்ணிக்குள்ள ஓடுற வாட்ச்சுல்ல, ஊரு பாக்கட்டும்!"னு ஒரே கூச்சல். அவரும் மீசையத் தடவிக்கிட்டு, சட்டைக் கைய மடிச்சுவிட்டு, இடது கைய முழுசா உள்ள விட்டாரு. அப்பாவப் பாத்தேன். அவுக முகத்துல ஈயாடல. அவுக கழட்டச் சொன்னா, என்னமோ இருக்குன்னு அங்கயே தெரிஞ்சுபோகும். சொல்லாட்டியும் தண்ணி எறங்கித் தெரிஞ்சுபோகும். மணவறையில இருக்குற பொண்ணு வாய் தொறக்கவும் கூடாது.

அவரு கை வெளிய வரணும், அதுதான் எனக்கு. விட்டேன் கைய, கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள மோதிரத்த எடுத்துட்டேன். "அடேயப்பா, பொண்ணு கை என்னா வேகம்! மாப்ளே, ஒம்பாடு திண்டாட்டம்தான்டா!"ன்னு கூட்டம் சிரிச்சுச்சு. அவருக்கு ரோசம் வந்து, "இன்னொருக்கப் போடுங்க"ன்னாரு. அடுத்த தடவ நானே மோதிரத்தத் தேடி அவரு உள்ளங்கையில திணிச்சேன், எடுத்துக்கிட்டுப் போகட்டும்னு. அவரு மோதிரத்தையும் பிடிச்சு, என் விரலையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டாரு. விடல. தண்ணிக்குள்ள வச்சு அழுத்திக்கிட்டு என் முகத்தப் பாத்துச் சிரிக்காரு. புருசன் மொதமொதலாத் தொட்டது அதுதான். பொண்ணு வெக்கத்துல தலைய குனிஞ்சுட்டான்னு எல்லாரும் சொன்னாக. நான் குடத்துக்குள்ள பிசின் கரையுறதப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

பந்தியில உக்காந்தப்பவே கண்ணாடிக்குள்ள ஆவி படிஞ்சுருச்சு. மறுநா காலையில பந்தல்குடியில எந்திரிச்சுப் பாத்தா, பன்னெண்டு இருக்க வேண்டிய இடத்துல பத்து வந்து நிக்குது. டயல் சுத்திக்கிருச்சு. முள்ளு ரெண்டும் அதுல மாட்டிக்கிட்டு நின்னுபோச்சு. மாமியா கையில வாங்கிப் பாத்துட்டு, "மூஞ்சி மட்டும் மாத்தி ஏமாத்திட்டாகளே!"ன்னு வாசல்ல நின்னு கத்துனாக.

"இல்லத்தே, கேஸும் மிஷினும் அசல்தான். டயல் மட்டுந்தான் மாத்துனது. ஒரு இடுக்கி குடுங்க, நானே சரி பண்ணித் தாரேன்"னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். சத்தியமா அதுல ஒரு கள்ளமும் இல்ல.

"அப்ப நீ ஒட்டுனதா?"ன்னாரு வீட்டுக்காரரு. ஆமான்னேன். மறுவீட்டுக்குக் கூட்டிட்டு வந்து என்னைய விட்டுட்டு அவரு மட்டும் திரும்பிப் போனாரு. அசல் வாட்ச்சோட வந்தா வரட்டும்னு ஆள் மூலமா சொல்லிவிட்டாக.

அடுத்த மழை வரைக்கும் நான் அப்பா வீட்டுலதான் கெடந்தேன். தெருவுல ஒவ்வொருத்தியும் "என்ன, இன்னும் போகலையா?"ன்னு கேப்பான்னு நான் வாசப்படி தாண்ட மாட்டேன். எங்கம்மா கழுத்துல கெடந்தது போய், அசல் வாட்ச்சு ஒண்ணு வந்துச்சு. அத அப்பா என்னையத் தொடவிடல. பந்தல்குடிக்குப் போனப்ப வாட்ச்ச உள்ள கொண்டுபோய், ஆள் வச்சுத் தொறந்து பாத்து, அசல்தான்னு தெரிஞ்ச பெறகுதான் என்னைய உள்ள கூப்பிட்டாக. அது வரைக்கும் நான் பெட்டியோட வாசல்ல நின்னேன். இம்புட்டும் பண்ணி வாங்குன வாட்ச்சக் கட்டிக்கிட்டு அந்த மனுசன் மூஞ்சிகூடக் கழுவ மாட்டாரு. நனைஞ்சுருமாம்!

சரி, தொலைஞ்சது, இனி நம்ம வீடுதான்னு மனசத் தேத்திக்கிட்டேன். உண்டானேன். தலைப்பிரசவம் அருப்புக்கோட்டையில ஆச்சு, பொம்பளப்பிள்ள. பிள்ளையத் தூக்கிக்கிட்டு பந்தல்குடிக்கு வந்தப்ப சொந்தபந்தம் எல்லாம் பாக்க வந்தாக. பெரிய நாத்தனா பிள்ளை முகத்தத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "நம்ம வீட்டுச் சாயலே காணமே"ன்னாக. அதுக்கு என் வீட்டுக்காரரு, இத்தனை பேருக்கு நடுவுல, "எப்படி இருக்கும்? அவுக அப்பன் வீட்டுல வச்சுல்ல பெத்துக்கிட்டு வந்திருக்கா. மூஞ்சி மாத்துறதுதான் அவுக தொழிலே"ன்னாரு.

வீடே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. என்ன சொன்னாரு, எத நெனச்சுச் சொன்னாருன்னு அங்க ஒருத்தருக்கும் உறைக்கல. நடுவீட்டுல செருப்பக் கழட்டி அடிச்சாப்ல இருந்துச்சு எனக்கு. பிள்ளைய இடுப்புல இடுக்கிக்கிட்டு, கட்டுன சேலையோட ரோட்டுக்கு வந்து, அருப்புக்கோட்டை பஸ்ஸுல ஏறிட்டேன்.

உச்சிவெயில்ல கடை முன்னால போய் நின்னேன். அப்பா கண்ணுல இருந்த லென்ஸக் கழட்டிட்டு என்னையப் பாத்தாக, பிள்ளையப் பாத்தாக, பின்னால யாரும் வாராகளான்னு பாத்தாக. கையில இருந்த இடுக்கி கீழ விழுந்துருச்சு.

"என்ன தாயி, வாட்ச்சு நின்னுபோச்சா?"ன்னாக.

என் வாயில என்னென்னமோ வந்துச்சு. அவுக விழுந்த இடுக்கியக்கூட எடுக்காம என் வாயவே பாத்தாக. "இல்லப்பா, ஓடுது"ன்னேன்.

"அப்பாடா"ன்னு மூச்சு விட்டாக. வேற எதுவும் கேக்கல. எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் குடுத்து, பிள்ளைக்கு ஒரு கிலுகிலுப்பையும் வாங்கிக் குடுத்து, சாயங்காலம் பந்தல்குடி பஸ்ஸுல அவுகளே கொண்டாந்து ஏத்திவிட்டாக.